மொழியியல் முடித்தவர்கள் நீலகிரிக்கும் போகலாம்

மொழியியல் எம்.ஏ. முடித்துவிட்டு அடுத்து என்ன என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது மைசூர்தான். 1969-இல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் அங்கே இருக்கிறது, பத்தாயிரம் பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிகளைப் பதிவு செய்ய 2013-இல் தனித் திட்டமே தொடங்கினார்கள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தகுதித் தேர்வான நெட் தேர்விலும் மொழியியல் தனிப்பாடம், அதில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால் உதவித்தொகையோடு பிஎச்.டி. செய்யலாம். சரி, இதெல்லாம் பலருக்கும் தெரியும்.

ஆனால் நீலகிரியை ஏன் மறந்துவிடுகிறோம்? அங்கே வாழும் தோடர் பழங்குடியினரின் மொழியில் மூன்று வேறு இடங்களில் நாக்கு அதிர்ந்து ரகரங்கள் பிறக்கின்றன, நம்மில் பலர் ர, ற இரண்டையே பேச்சில் பிரிப்பதில்லை. தோடர் பேச்சின் அரை நிமிட ஒலிப்பதிவை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதவே ஒரு மாலை போய்விடும், அப்புறம் பேசிய பாட்டியிடமே போய்ச் சரிபார்க்க வேண்டும்.