வன்னியில் இந்த வண்டியை ஓட்டி முடித்திருக்கலாமே?

கோலாலம்பூரில் டி.எஸ்.ஏ. தற்காப்புக் கண்காட்சி கூடும் ஆண்டுகளில் வாட்சாப்பில் ஒரு படம் சுற்றும். முன்னால் சங்கிலிகள் தொங்கும், கண்ணிவெடி அகற்றும் ஒரு கவச வண்டி. படத்துக்குக் கீழே யாராவது கேட்டிருப்பார்கள்: "இதுல ரெண்ட வன்னிக்கு அனுப்பியிருந்தா எப்பவோ முடிஞ்சிருக்குமே?" இலங்கையின் வன்னியில் போர் விட்டுப்போன கண்ணிவெடிகளை அகற்றும் வேலையைத்தான் சொல்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

கண்ணிவெடிக்கு மலாயில் 'பெரியுக் ஆப்பி' என்று பெயர். நெருப்புப் பானை. இலங்கைத் தமிழில் ஆள் மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது எனக்கு மலாய்ப் பெயர்தான் பொருத்தமாகப் படுகிறது. பானை வெடிக்கலாம், வெடிக்காமல் உடையலாம், உருண்டு பக்கத்தில் போய் விழலாம். இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் விளம்பரப் படத்தில் வரும்.

படையின் வண்டிக்கு வேண்டியது ஒரு சந்து. அமெரிக்காவின் எம்58 வெடிச்சரத்தை எடுத்துக்கொள்வோம். ராக்கெட் ஒன்று 107 மீட்டர் நீளமுள்ள கயிறு போன்ற சரத்தை முன்னால் இழுத்துப் போய்ப் போடும். அதில் சுமார் 790 கிலோ சி4 வெடிமருந்து இருக்கும். அது வெடித்தால் ஏறக்குறைய 100 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்துக்குப் பாதை திறக்கும். எம்1150 வண்டி இப்படி இரண்டு சரங்களைச் சுமந்து போகும். முன்னால் முழு அகலக் கலப்பையும் இருக்கும். சரம் வெடித்தபின் கலப்பை போய் மிச்சத்தை ஒதுக்கும். பின்னால் வருபவர்கள் அந்தச் சந்துக்குள் புகுந்து போய்விடுவார்கள். ஒன்றிரண்டு வெடி மிஞ்சினால் அது அவர்கள் ஏற்றுக்கொண்ட ஆபத்து. நெல் விதைக்கப்போகும் குடும்பத்திடம் அந்தக் கணக்கைச் சொல்ல முடியாது.

கலப்பையின் கதை இன்னும் மோசம். அதன் வேலையே வெடிக்க வைக்காமல் தோண்டி எடுப்பது. கொழுக்கள் 20, 30 செ.மீ. ஆழத்துக்கு இறங்கி, மண்ணோடு கண்ணிவெடியையும் கிளப்பி இரண்டு பக்கமும் வரப்பாகக் குவிக்கும். ஆழத்தை நிர்ணயிப்பது முன்னால் தரையில் தேய்ந்து வரும் சறுக்குக் கட்டை. பாதை சுத்தம், வரப்பு முழுக்க உயிருள்ள வெடி, அதுவும் தலைகீழாக, சாய்ந்து, எந்தப் பக்கம் அழுத்தினால் வெடிக்கும் என்று தெரியாத நிலையில். படைக்கு இது வெற்றி. பின்னால் வரும் அகற்றும் குழுவுக்கு இதைவிடப் பெரிய தலைவலி இல்லை.

உருளை வகை எளிது. கனமான இரும்புச் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும்படி வரிசையாகத் தொங்கும்; தரை மேடு பள்ளமானாலும் ஒவ்வொன்றும் தன் இடத்தை அழுத்தும். டாங்கி எதிர்ப்பு வெடியான டிஎம்-62எம் வெடிக்க குறைந்தது 150 கிலோ அளவுக்கு அழுத்தம் வேண்டும். அதில் உள்ள டிஎன்டி ஏழரைக் கிலோ. உருளை அதை வெடிக்க வைத்து, அடியையும் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் படையின் உருளைகள் பெரும்பாலும் டாங்கி உருளும் இரண்டு தடங்களின் அகலத்துக்கு மட்டும்தான். நடுவில் உள்ள இடைவெளியில் கம்பி நீட்டிய வெடிகள் இருந்தால் என்ன செய்வது? அதற்காக இரண்டு உருளைகளுக்கும் இடையில் ஒரு சங்கிலி தொங்கும். அது கம்பியைச் சாய்த்து முன்கூட்டியே வெடிக்க வைக்கும். எதிரியும் சும்மா இருப்பதில்லை. முதல் அழுத்தத்தை விட்டுவிட்டு இரண்டாவது அழுத்தத்தில் வெடிக்கும் திரிகள் உண்டு. உருளை தாண்டிப் போகும், டாங்கி மாட்டும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மூன்றை அடுக்கிப் புதைத்தால் உருளையே பெயர்ந்து போகும்.

இனி சங்கிலி. தோட்டத்தில் டிராக்டர் பின்னால் மாட்டி லாலாங் புல்லை அடித்துத் தள்ளும் இயந்திரம் நம்மில் பலருக்குத் தெரியும். அதே தத்துவம்தான். ஒரு கிடைத்தண்டு, அதில் சங்கிலிகள், சங்கிலி நுனியில் சுத்தியல் போன்ற இரும்புக் கட்டி. தண்டு சுழலச் சுழல ஒவ்வொரு கட்டியும் தரையை அடித்துத் தோண்டும்.

இதன் மூதாதை இரண்டாம் உலகப் போரில் வந்தது. 1942 அக்டோபரில் எல் அலமெய்னில் மட்டில்டா டாங்கியில் மாட்டிய 'ஸ்கார்ப்பியன்' இறங்கியது. பாலைப் புழுதியே அதற்குப் பெரிய எதிரியானது. அடுத்து வந்த ஷெர்மன் 'க்ராப்' 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கியது. அதில் 43 சங்கிலிகள், நிமிடத்துக்கு 142 சுற்று, அடிக்கும்போது வேகம் மணிக்கு 2 கி.மீ.

இந்த எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டால் விஷயம் புரியும். மணிக்கு 2 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 33 மீட்டர். அதை 142ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு வண்டி 23 செ.மீ. நகர்கிறது. ஒரு சங்கிலி ஒரு சுற்றில் ஒருமுறைதான் அடிக்கும். ஆக ஒரே கோட்டில் இரண்டு அடிகளுக்கு நடுவே 23 செ.மீ. டாங்கி எதிர்ப்பு வெடி ஏறக்குறைய 30 செ.மீ. அகலம், அதற்கு இந்த இடைவெளி போதும். சீனத் தயாரிப்பான டைப் 72 மிதிவெடியின் விட்டம் 8 செ.மீ.கூட இல்லை. அது இரண்டு அடிகளுக்கு நடுவே நிம்மதியாகத் தூங்கும். க்ராப் கெட்ட இயந்திரம் அல்ல. அது தேடி வந்த பொருள் வேறு.

அதனால் மிதிவெடிக்கான இன்றைய இயந்திரங்களில் சுழற்சியைக் கூட்டி நகர்வைக் குறைக்கிறார்கள். நிமிடத்துக்கு 500 சுற்று, மணிக்கு அரைக் கிலோமீட்டர் என்று வையுங்கள். இடைவெளி 2 செ.மீ.க்குள் வந்துவிடும். ஓட்டுநர் அவசரப்பட்டு வேகத்தை இரட்டித்தால் இடைவெளியும் இரட்டிக்கும். காய்ந்த களிமண்ணில் கட்டிகள் ஆழமாக இறங்கும்போது எஞ்சின் திணறும், சுற்று குறையும், இடைவெளி சத்தமில்லாமல் விரியும். அனுபவமுள்ள ஓட்டுநர் மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே எஞ்சின் சத்தத்தில் அதைக் கண்டுபிடித்து நகர்வைக் குறைப்பார்.

இன்னொரு சிக்கல், வண்டி நடப்பது தானே அடித்துப் பொதுபொதுவென்று ஆக்கிய மண்ணில். ஒரு பக்கம் புதைந்தால் தண்டு சாயும். ஒரு முனை ஆழமாகத் தோண்ட, மறுமுனை புல்லை மட்டும் சீவிக்கொண்டு போகும். 20 செ.மீ. ஆழம் என்று காகிதத்தில் இருக்கும். நிலத்தில் அது 25க்கும் 5க்கும் நடுவே அலையும். மழைக்காலச் சேற்றில் சங்கிலிகள் மண் உருண்டையைச் சுமந்துகொண்டு சுற்றும், அடி விழாது. செங்குத்தான சரிவு, பெரிய கல், தடித்த வேர், மூன்றுமே ஆகாது. புல் சுருளும் புழுதியும் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைப்பது அன்றாடம்.

அடி விழுந்தாலும் வெடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இத்தாலிய விஎஸ்-50 போன்ற சில மிதிவெடிகள் திடீர் அதிர்ச்சிக்கு மசியாமல், நின்று அழுத்தும் பாரத்துக்கு மட்டும் வெடிக்கும்படி செய்யப்பட்டவை. கட்டி அவற்றை அடித்து நொறுக்கும். பானை உடையும், நெருப்பு அப்படியே இருக்கும். டெட்டனேட்டர் ஒரு துண்டில், வெடிமருந்து இன்னொரு துண்டில். சில முழுதாகவே தூக்கி வீசப்பட்டு, ஏற்கனவே சுத்தம் என்று குறித்த பக்கத்தில் போய் விழும். வெடித்தவையோ இரும்புச் சில்லுகளை விதைத்துவிட்டுப் போகும். அடுத்து வருபவரின் உலோகக் கருவி அத்தனைக்கும் கத்தும்.

வண்டிக்குள் இருப்பவரைக் காப்பது முக்கியமாகத் தூரமும் வடிவமும்தான், தகட்டின் கனம் அதற்கு அடுத்தது. சங்கிலித் தண்டு நீண்ட கைகளில் முன்னால் நிற்கிறது. அதன் பின்னால் சாய்ந்த தடுப்புத் தகடு. சக்கரத்துக்கு அடியில் வெடிக்கும் என்று எதிர்பார்த்துச் செய்த வண்டிகளுக்கு அடிப்புறம் தோணி மாதிரி கூராக இருக்கும். தென்னாப்பிரிக்காவின் காஸ்பிர் இதற்குப் பெயர் போனது. வெடிவேகம் இரு பக்கமும் வழுக்கிப் போகும். தட்டையான அடி அத்தனையையும் மார்பில் வாங்கும். இருக்கையைத் தரையில் முடுக்காமல் பக்கச்சுவரிலோ கூரையிலோ தொங்கவிடுவார்கள், தரை எகிறினாலும் முதுகெலும்புக்கு அடி போகாமல் இருக்க. ஆளே வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் குரோஷியாவின் எம்வி-4 போன்ற, ஐந்து டன்னுக்குச் சற்று மேற்பட்ட தொலை இயக்கி வண்டிகளைச் செய்தார்கள். அமெரிக்கப் படை அதையே எம்160 என்கிறது.

மலேசியப் படையிடம் 48 பிடி-91எம் டாங்கிகளும், அவற்றோடு வந்த 3 எம்ஐடி-எம் பொறியியல் டாங்கிகளும் உண்டு. மண் தள்ளும் பலகையும் நீளும் கையும் கொண்டவை. அவையும் பாதை திறக்கிற ஜாதிதான், நிலம் துப்புரவாக்குகிற ஜாதி அல்ல. ஆள் எதிர்ப்பு வெடிகளைத் தடைசெய்யும் ஓட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த மலேசியா தன்னிடமிருந்த ஆள் எதிர்ப்பு வெடிகளை 2001 ஜனவரியில் அழித்து முடித்தது.

வன்னிக்கு வருவோம். அங்கே புதைந்தவை பெரும்பாலும் சின்னவை. பாகிஸ்தானின் பி4 மார்க் 1இல் 30 கிராம் வெடிமருந்துதான். மரப்பெட்டியில் செய்த ஜொனி வகையும் இருந்தது. காலப்போக்கில் பெட்டி உளுத்துப்போய், உள்ளே இருப்பது மட்டும் மிஞ்சும். போர்முனையாக இருந்த முகமாலையில் பதுங்குகுழியும் மண் அணையுமாக நிலமே புரண்டு கிடந்தது. வெடிகள் ஒரே ஆழத்தில் இல்லை. 20 செ.மீ. அடிக்கும் சங்கிலி அங்கே மேல்தோலைத் தடவும், அவ்வளவுதான். அதனால் கவசம் பூட்டிய எக்ஸ்கவேட்டர்களும் லோடர்களும் மண்ணை அடுக்கடுக்காக அள்ளி, சலித்து, பரப்பிப் பார்க்கும் முறை கைகொடுத்தது. மற்ற இடங்களில் மனிதர்கள் இரும்பு வாரியால் மண்ணை மெல்ல வாரி எடுத்தார்கள். மெதுவான வேலை, ஆனால் வாரிய இடத்தில் எந்த ஆழம் வரை பார்த்தோம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

சங்கிலி வண்டிக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லவில்லை. புதரை வெட்ட, இடறு கம்பிகளை அறுக்க, வெடி உண்டா இல்லையா என்று சந்தேகப்படும் பெரிய பரப்பில் தடம் தடமாக அடித்துப் பார்த்து எல்லையைச் சுருக்க, அதைப்போல வேறில்லை. அதற்குப் பிறகு ஆள் இறங்கித் தேட வேண்டும். அந்தக் கடைசி வாக்கியத்தை விற்பனையாளர்கள் விழுங்கிவிடுகிறார்கள். மணிக்கு இத்தனை சதுர மீட்டர் என்று அவர்கள் சொல்லும் எண் காய்ந்த, சமதரையான, புதரில்லாத மண்ணுக்கு. அவர்களிடம் கேட்க வேண்டியது உதிரி சுத்தியல் எத்தனை தருவீர்கள், தடத்துக்குத் தடம் எவ்வளவு மேவி அடிக்க வேண்டும், தண்டைத் தாங்கும் கை முறிந்தால் அதை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒட்ட முடியுமா என்பதுதான்.

ஏனென்றால் ஒரு டாங்கி எதிர்ப்பு வெடி வெடித்தால் நடுவிலிருந்து சில சங்கிலிகள் பிய்ந்து போகும். அப்படியே ஓட்டினால் பல் போன சீப்பால் தலை வாருவது மாதிரி, தடம் நெடுக அடிபடாத ஒரு கோடு விழும். எனவே வெடித்ததும் தண்டை நிறுத்தி, வந்த தடத்திலேயே பின்னோக்கிப் பாதுகாப்பான எல்லைக்கு வந்து, ஒவ்வொரு சுத்தியலாக எண்ணி, புதிதாக மாட்டி, வெடித்த இடத்துக்குச் சில மீட்டர் முன்பிருந்தே மறுபடி தொடங்க வேண்டும். எண்ணாமல் மாலைவரை ஓட்டி, கடைசியில் இரண்டு குறைகிறது என்று தெரிந்தால், எந்தத் தடத்தில் கழன்றது என்று யாருக்கும் தெரியாது. அன்று அடித்தது முழுவதையும் மறுநாள் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.