மாமன் வீட்டிலிருந்து புறப்பட்ட பால்குடம்

இந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் பழனியில் இருந்திருக்க வேண்டும். பையனுக்கு முடியிறக்குவதாக வேண்டுதல். சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் போய், ஒட்டன்சத்திரத்தில் அண்ணன் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டு, அங்கிருந்து பாதயாத்திரை என்று பேசி வைத்திருந்தோம். புறப்பட வேண்டிய நேரத்தில் விமானம் ரத்து என்று செய்தி வந்தது. வேறு விமானங்களில் பூசம் முடிந்த பிறகுதான் இடம் இருந்தது.

அம்மாவிடம் போனில் சொல்லும்போது அழுதுவிட்டேன். அம்மா அதிகம் பேசவில்லை. "அங்கயும் தண்டாயுதபாணிதானே இருக்கார்? பால்குடம் எடும்மா" என்றார்.

டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலை இங்கே செட்டியார் கோயில் என்றுதான் சொல்வார்கள். 1859-இல் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கட்டியது. அதற்கு முன்பு அங்கிருந்த குளத்தருகே அரசமரத்தடியில் வேலை வைத்துக் கும்பிட்டு வந்தார்களாம். கொண்டுவிற்கக் கப்பலேறி வந்த மனிதர்கள் அவர்கள். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கிட்டங்கிகளில், கணக்குப்பெட்டி வைத்து உட்கார்ந்த பெட்டியடியே வீடாக இருந்தவர்கள். பொதுவாக மூன்று வருடக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்ப முடியும். பூசத்துக்கு அவர்களின் உறவினர்கள் குன்றக்குடி வழியாகப் பழனிக்குக் காவடி கட்டி நடந்துகொண்டிருப்பார்கள். இவர்கள் கடலுக்கு இந்தப் பக்கம். கோயிலுக்குப் பலமுறை போயிருக்கிறேன், ஆனால் பழனிக்குப் போக முடியாத ஏக்கத்தில் எழுந்த கோயிலாகத்தான் அது இருக்க வேண்டும் என்று இந்த முறைதான் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் மனம் கொஞ்சம் சமாதானமானது.

பூசத்துக்கு முந்தைய நாள் செட்டிப்பூசம். வெள்ளி ரதத்தில் முருகன் கியோங் சாய்க் சாலையில் இருக்கும் லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போய், அண்ணனைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்புவார். ரதம் திரும்பும்போது நாங்களும் போய் நின்றோம். மயிலிறகுக் காவடிகள் முன்னும் பின்னும் ஆடி வந்தன. பையன் அப்பாவின் தோளில் இருந்தபடி அரோகரா சொல்லிக்கொண்டே இருந்தான்.

இரவு செராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலுக்குப் போனோம். பால்குடமும் காவடியும் இங்கிருந்துதான் புறப்படும். முருகனுக்கு எடுக்கிற குடம் பெருமாள் சன்னிதியிலிருந்து கிளம்புவது ஏன் என்று கேட்பவர்கள் உண்டு. முருகன் மால்மருகன். மாமன் வீட்டிலிருந்து மருமகனுக்குப் போகிற சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும்.

நள்ளிரவு தாண்டியதும் பால்குடங்கள் நகரத் தொடங்கின. இந்த நேரத்தில் இவ்வளவு கூட்டமா என்று புதிதாக வருபவர்கள் மலைப்பார்கள். சிங்கப்பூரில் 1968 வரை தைப்பூசம் பொது விடுமுறை. அதற்குப் பிறகு இல்லை. காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் பலரும் இரவிலேயே நடந்து முடிக்கிறார்கள். எனக்கு முன்னால் மஞ்சள் சேலையில் ஒரு சீன அம்மா குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பின்னால் வந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன் ஆறு மணிக்குக் கட்டுமானத் தளத்தில் இருக்க வேண்டும் என்றான். "போன வருஷமும் இப்படித்தாங்க்கா, நேரா சைட்டுக்குப் போயிட்டேன்" என்று அவன் சொன்னபோது என் விமானக் கவலை சின்னதாகிவிட்டது.

தூரம் நான்கு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வரிசை நகர்ந்து, நின்று, மறுபடி நகரும்போது அது பெரிய நடைதான். வெறுங்காலில் தார்ச்சாலையின் பொடிக்கற்கள் குத்தின. டோபி காட் வரும்போதே கழுத்து விண்விண் என்று வலிக்க ஆரம்பித்துவிட்டது. குடத்தைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டே நடந்தேன். வழியில் சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு 2016-லிருந்து அனுமதி உண்டு. மேளச்சத்தம் கேட்டதும் கால் தானாக வேகமெடுக்கும். தாண்டியபின் வேல் வேல் என்று நாமே சொல்லிக்கொண்டு போக வேண்டியதுதான். தண்ணீர்ப்பந்தலில் யாரோ மோர் கொடுத்தார்கள். என் கைகள் குடத்தில் இருந்ததால் கணவர் வாங்கி வாயில் ஊற்றினார்.

சன்னிதியில் நிற்கக் கிடைத்தது சில நொடிகள். கொண்டுபோன பால் வேலின்மேல் வழிந்ததைப் பார்த்தேன். என்னென்னவோ கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். முருகா என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

கணவர் அப்படியே வேலைக்குக் கிளம்பிவிட்டார். நானும் பையனும் மண்டபத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். இந்தக் கோயிலின் கூரையில் தெய்வ உருவங்கள் செதுக்கிய 48 கண்ணாடிப் பலகைகள் உண்டு. உதயத்திலும் அஸ்தமனத்திலும் வெளிச்சம் விழும்படி சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். விடியும்போது அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். அப்புறம் அன்னதானம். சாம்பார் சாதத்தைப் பையன் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

முடியை இங்கேயே இறக்கிவிடலாமே என்று தோழி ஒருத்தி கேட்டாள். அது பழனிக்கு என்று நேர்ந்தது, அங்கேதான் கொடுக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது. அதுவரை பையன் தினமும் தலை சீவும்போது, இது முருகனோட முடி, மெதுவா சீவுங்க என்கிறான்.