படிக்கட்டு: பஸ் வீட்டு நாட்குறிப்பு

பிப்ரவரி 2
கரூர் பட்டறையிலிருந்து பஸ் வந்துவிட்டது. சீட் எல்லாம் கழற்றி, வெறும் கூடு. அம்மா கடைசி வரை நடந்து பார்த்தாள். "அடுப்பு இந்தப் பக்கம் வை கண்ணு" என்றாள்.

பிப்ரவரி 5
நாள் முழுக்க வயர் முனைகளில் லக் என்கிற உலோகக் காதுகளை அமுக்கினேன். 24 வோல்ட் பேட்டரி, 2000 வாட் இன்வெர்ட்டர். முழு லோடில் 90 ஆம்பியர் இழுக்கும். அதனால் 35 சதுர மி.மீ. வயர், பல இழை. ஒற்றைக் கம்பி ஓடுகிற வண்டியின் அதிர்வில் முறிந்துவிடும். பியூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கிறது. தகரத்தில் வயர் நுழையும் துளைக்கெல்லாம் ரப்பர் வளையம்.

பிப்ரவரி 6
துளைகளை மறுபடி எண்ணினேன். 14.

பிப்ரவரி 11
சித்தப்பா வீட்டு வாசலில் நிறுத்தி, அவர்கள் பிளக்கில் மாட்டினேன். படிக்கட்டுக் கைப்பிடியில் டெஸ்டர் வைத்தால் எரிகிறது. அம்மா ஈரத்தரையில் வெறுங்காலோடு வந்துகொண்டிருந்தாள். கத்திவிட்டேன்.

பிப்ரவரி 12
தூக்கம் இல்லை. அந்த பிளக்கில் பேஸும் நியூட்ரலும் மாறிக் கிடந்தன. எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை. இதெல்லாம் அவர்கள் வீட்டுக் கோளாறு, சரி. ஆனால் இன்வெர்ட்டருக்காக நியூட்ரலையும் பஸ்ஸின் தகர பாடியையும் நிரந்தரமாகச் சேர்த்து வைத்தது நான். அந்த வழியாகத்தான் 230 வோல்ட் பாடிக்கு ஏறியது. கரண்ட் கசிந்தால் தானே விழுந்து சப்ளையைத் துண்டிக்கிற ஸ்விட்ச்தான் ஆர்.சி.சி.பி. இணைப்பு அதற்கு முன்னால் இருந்ததால் அதற்கு எதுவும் தெரியவில்லை. டயர் ரப்பர், பஸ்ஸுக்குள் நிற்பவருக்கும் எதுவும் தெரியாது. ஒரு கால் தரையில், கை கைப்பிடியில் என்று இருக்கிற அந்த ஒரு நொடிதான். அம்மா மெதுவாகத்தான் ஏறுவாள்.

பிப்ரவரி 13
ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 15
ரிலே, அதாவது கரண்டைப் பார்த்துத் தானே மாறுகிற ஸ்விட்ச், போட்டாயிற்று. வெளிக் கரண்ட் வந்தால் நியூட்ரல் பாடியிலிருந்து பிரியும். இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் சேரும். அப்புறம் சோதித்தேன். நியூட்ரல்-பாடி இணைப்பைக் கழற்றிவிட்டு ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினாலும் அது விழுகிறது! அந்தப் பொத்தான் எர்த்தைப் பார்ப்பதே இல்லை. இத்தனை நாள் அதை நம்பியிருந்தேன். பேஸுக்கும் பாடிக்கும் நடுவே 60 வாட் பல்பை வைத்தேன். இணைப்பு இல்லாதபோது பல்பும் எரியவில்லை, ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை. இணைத்ததும் அந்தக் கணமே விழுந்தது. ஐந்து முறை செய்து பார்த்தேன்.

பிப்ரவரி 16
படிக்கட்டில் ரப்பர் பாய் ஒட்டினேன். கைப்பிடிக்குத் துணி சுற்றலாமா என்று அம்மா கேட்டாள். அன்று கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 17
இனி எங்கே நிறுத்தினாலும் முதலில் அந்த இடத்து பிளக்கைச் சோதிக்க வேண்டும். டெஸ்டரைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 18
ரிப்போர்ட் வந்துவிட்டதாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள்.