சாவி கைக்கு வரும் வரை

ஜனவரி 12, 2025

கோவையில் வடவள்ளிப் பக்கம், முழுக்கக் கட்டி முடித்துச் சாவி கொடுக்கும் வில்லா ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். இன்று ஒப்பந்த வரைவு வந்தது. வயர், குழாய், டைல்ஸ், பெயின்ட் என்று என்னென்ன தருகிறார்கள் என்பதெல்லாம் பின்னிணைப்பில்தான் இருக்கிறது. அதை வரி விடாமல் படியுங்கள். எங்களுடையதில் ‘தரமான டைல்ஸ்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தார்கள். பிராண்டும் அளவும் எழுதித் தரச் சொன்னேன். மாதிரி வீட்டில் கண்ணைப் பறித்த மாடுலர் கிச்சன் விலையில் சேராதாம். அலமாரிக் கதவுகளும் சேராது.

இன்னொன்று: ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது.

பிப்ரவரி 2

செலவுக் கணக்கு. கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. வேலை முடியாத வீடு என்பதால் எங்கள் விலைக்கு ஜிஎஸ்டி 5. வங்கிக் கடனை இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

மே 18

மேஸ்திரி மாமாவைக் கூட்டிப் போனேன். மட்டம் பார்க்கும் ரசமட்டம், ஒரு வாளி, ஒரு ரூபாய்க் காசு, இவ்வளவுதான் எடுத்து வந்தார். காசால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். ஹாலில் ஜன்னலோரம் நான்கைந்து பொக்கென்று ஒலித்தன. அடியில் கலவை சரியாகப் பிடிக்கவில்லை. அப்புறம் பாத்ரூமில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார். அது கதவோரமே தேங்கி நின்றது.

“காஞ்சிடும் சார்” என்றார் சைட் இன்ஜினியர்.

“வாட்டம் பத்தலைங்க மாப்ளே, உடைச்சுத்தான் போடோணும்” என்றார் மாமா. தண்ணீர் வடியத் தரையில் போதிய சரிவு இல்லையாம்.

எல்லாவற்றையும் படத்தோடு எழுதி, இன்ஜினியரிடம் கையெழுத்து வாங்கினேன்.

ஜூன் 8

பாத்ரூம் தரையை மாற்றிவிட்டார்கள். வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் தேக்கினோம். கீழ் அறைக் கூரையில் ஈரமில்லை. மொட்டைமாடி வாட்டர் ப்ரூஃபிங் மட்டும் பாக்கி.

கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்தால், வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரை கட்டுநர்தான் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்கிறது ரெரா. ஆனாலும் கடைசித் தவணையை இப்போதே விட எனக்கு மனமில்லை. பணம் கைமாறிய பிறகு போனை எடுக்க வைப்பதே பெரும்பாடு.

வைகாசிக்குள் பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. பேசிப் புரியவைத்து ஆவணிக்குத் தள்ளிவைத்திருக்கிறோம்.