பஞ்சுப் பாட்டிக்கு ஒரு நேர்த்திக்கடன்

சென்ற குளிர்காலத்தில் எங்கள் இளைய மகளை விடாத இருமல் வாட்டியபோது, மருந்து ஒருபுறம் இருக்க, டோக்கியோவில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி சொன்னபடி, குணமானால் ஷோஜுயின் கோயிலில் வீற்றிருக்கும் தத்ஸுஎபாவுக்கு, இறந்தவர்களின் உடையை உரிக்கும் அந்தக் கிழவிக்கு, பஞ்சு செலுத்துவதாக வேண்டிக்கொண்டேன். இருமல் நின்றதும் குழந்தையோடு ஷின்ஜுகுவுக்குப் புறப்பட்டோம். ரயில் நிலைய நெரிசலைக் கடந்து வெளியே வருவதற்குள் பாதி உயிர் போயிற்று. தெருவிலோ கடைகளுக்கு ஆள் பிடிப்பவர்கள், கோயிலுக்குப் போகும் குடும்பமென்றும் பாராமல் வழிமறித்தார்கள்.

முதலில் அருகிலுள்ள தைசோஜி கோயிலுக்குச் சென்றோம். அங்கே எம்மாவாகிய யமதர்மராஜனோடு, 1870இல் செய்யப்பட்ட தத்ஸுஎபா, இறந்தவரிடமிருந்து உரித்த துணியைக் கையில் பற்றியபடி இருட்டு மண்டபத்தில் அமர்ந்திருக்கிறாள். வெளியே பொத்தானை அழுத்தினால்தான் விளக்கு எரியும். இறந்தவர்கள் கடக்கும் ஸான்ஸு நதியின் கரையில் அவள் பறிக்கும் உடையைக் கெனெஓ என்னும் கிழவர் மரக்கிளையில் தொங்கவிட, கிளை வளைகிற அளவே நம் பாவத்தின் எடை. உடையைக் களைபவள் என்பதால், அக்காலத்தில் இங்கிருந்த கணிகையர் விடுதிக்காரர்கள் இவளைத் தொழில் தெய்வமாகவே கும்பிட்டிருக்கிறார்கள். இவளிடம் முறையிடாதவர் யார்தான் உண்டு?

ஷோஜுயினில் உள்ளவள் உருவில் சிறியவள். ஒரு முழங்காலைக் குத்திட்டு அமர்ந்து, தலையிலிருந்து தோள்வரை வெண்பஞ்சு போர்த்தியிருக்கிறாள். 1849ஆம் ஆண்டு வாக்கில் எடோ நகரமே, அதாவது அன்றைய டோக்கியோவே, இவளைத் தேடித் திரண்டதாகவும், கூட்டம் தாங்காமல் அதிகாரிகள் தரிசனத்துக்குக் கட்டுப்பாடு விதித்ததாகவும் சொல்கிறார்கள். நாங்கள் சென்ற நேரத்தில், அம்மா புண்ணியத்தில், ஒருவருமில்லை. எலும்பு தெரியும் மார்பும் பிளந்த வாயுமாக இருக்கும் அவளைக் கண்டு குழந்தை அழுவாள் என்று பயந்தேன், அவளோ நெருங்கிச் சென்று, "பாட்டிக்குக் குளிருதாம்மா?" என்று கேட்டாள். பஞ்சை வைக்க நீட்டிய கை நடுங்கிற்று. இரவிரவாக நான் கேட்ட அந்த இருமல் சத்தம் நினைவுக்கு வந்து, மனப்பாடமாக வைத்திருந்த வேண்டுதல் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. கோரமான முகம் என்று யார் சொன்னால் என்ன, எனக்கு அவள் பெற்ற தாய்க்குச் சமம். பெரியவளுக்கும் துணையிரு தாயே, ஊரிலிருக்கும் என் அத்தையின் மூச்சிரைப்பையும் நீயே பார்த்துக்கொள் என்று, வேண்டாததையெல்லாம் சேர்த்து வேண்டிக்கொண்டேன். அத்தைக்குக் குணமானால் இன்னொரு கட்டுப் பஞ்சு உண்டு.