ஊருணித் தண்ணீருக்கு என்ன நிறம்?

தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூர்த் தேவாலயத்தின் தென்சுவரில், நான்கு சாளரங்களுக்கு வண்ணக் கண்ணாடி அமைக்கும் பணி இவ்வாண்டு எனக்குக் கிடைத்தது. கருப்பொருள் தண்ணீராக இருக்க வேண்டும் என்று மட்டும் பங்குத்தந்தை கேட்டுக்கொண்டார். விவிலியத்தில் எசேக்கியேல் நூலின் 47-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். கோவில் வாயிற்படியின் கீழிருந்து புறப்படும் நீர், ஆயிரம் முழத்துக்கு ஒருமுறை அளக்கப்படும்போது கணுக்கால், முழங்கால், இடுப்பு என உயர்ந்து, கடைசியில் நடந்து கடக்க முடியாத ஆறாகிறது. ஊருணிப் படிகளில் நீர் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. ஆகவே நான்கு சாளரங்களிலும் ஒரே படிக்கட்டை வரைந்து, நீர்மட்டத்தை மட்டும் உயர்த்தினேன்.

முதல் வரைவு முழுக்க நீலம். அதைப் பார்த்த பங்கின் மூதாட்டி ஒருவர், “தம்பி, நம்ம ஊருணித் தண்ணி என்னைக்கு நீலமா இருந்துச்சு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இங்கிலாந்தின் டியூட்லி தேவாலயத்துக்காக ஓவியர் மார்க் சாகல் வடிவமைத்து 1967-இல் நிறுவப்பட்ட சாளரத்தின் படங்களில் நான் நெடுநாள் தோய்ந்திருந்தேன். 1963-இல் படகு விபத்தில் கடலில் மூழ்கி இறந்த ஓர் இளம்பெண்ணின் நினைவாக எழுந்த அந்த நீலம், கடலுக்குரியது. எங்கள் பூமியோ செம்புறாங்கல் பூமி. புதுமழைக்கு வரத்துக்காலில் ஓடிவரும் நீர் செந்நிறமாக இருக்கும்; தெளியத் தெளியப் பசுமை கொள்ளும்; நிறைந்து அசையாமல் நிற்கும்போதுதான் அதில் வானம் தெரியும்.

அந்த வரிசையையே சாளரங்களின் வரிசையாக்கினேன். முதல் சாளரத்தின் செம்பழுப்புக்கு, வெள்ளி உப்பைக் கண்ணாடியில் பூசிச் சூளையில் சுடும் பழைய முறை உதவியது. பூச்சும் சூடும் மாற மாற, இடையில் ஈயக்கோடு (கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டை) இல்லாமலேயே ஒரே துண்டில் இளமஞ்சள் முதல் தேன்நிறம் வரை கிடைக்கிறது. நடுவிலுள்ள இரண்டுக்கும் பச்சைகள். கோபால்ட் நீலம் நான்காவதில் மட்டும், அதுவும் மெல்லிய கீற்றுகளாக. நல்ல வெளிச்சத்தில் நீலம் தன் எல்லை தாண்டிப் பரவி, அருகிலுள்ள நிறங்களை விழுங்கிவிடும் என்பதால் அதைச் சுற்றிக் கருங்கோடுகள் தடித்திருக்க வேண்டும்.

ஈயக்கோடுகளை எங்கே நிறுத்துவது என்பதை, தரை ஓடுகள் செய்யும் ஆத்தங்குடியில் கற்றேன். அங்கே கண்ணாடிப் பலகையின் மேல் உலோக அச்சை வைத்து, அதன் அறைகளில் வண்ணக் கலவையை ஊற்றுகிறார்கள். ஓடு பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறி இறுகுகிறது. எந்தக் கோடும் அந்தரத்தில் முடியாமல் இன்னொரு கோட்டையோ ஓரத்தையோ சென்று சேர வேண்டும் என்பது அந்த அச்சுக்கும் ஈயச் சட்டத்துக்கும் பொதுவான விதி. நீரலையை அவ்விதிக்குள் வளைப்பதற்கே இரண்டு மாதங்கள் ஆயின.

மூன்று சாளரங்கள் முடிந்துவிட்டன. நான்காவதற்கு இன்னும் கண்ணாடி வெட்டவில்லை. ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியபின், காலையும் மாலையும் கரையில் உட்கார்ந்து அந்த நீரைப் பார்த்துவிட்டுத்தான் நீலத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறேன்.