பிரவுன்ஃபீல்டு கிராண்ட்: மண்ணைவிடத் தேதிதான் படுத்தியது

அமெரிக்காவில் ஒரு சிறு நகராட்சிக்காக, மூடிக்கிடந்த ஃபவுண்டரி (வார்ப்பாலை) இடத்தை, அதாவது மாசு படிந்து கிடக்கும் ஒரு பிரவுன்ஃபீல்டை, சுத்தம் செய்ய மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் கிளீனப் கிராண்ட் (சுத்திகரிப்பு மானியம்) வாங்கியாயிற்று. இப்போது லாரிகள் மண் ஏற்றிக்கொண்டிருக்கின்றன. மண்ணில் ஈயம், நிலத்தடி நீரில் கரைப்பான் எல்லாம் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தன. உயிரை வாங்கியது தேதிகளும் கையெழுத்துகளும். எந்த கிராண்ட் யாருக்கு என்ற அடிப்படை தெரிந்தவர்களுக்காகவே எழுதுகிறேன்.

முதல் கண்ணி ஃபேஸ் ஒன் அறிக்கை, அதாவது இடத்தின் வரலாற்றையும் பதிவேடுகளையும் பார்த்து மாசு இருக்குமா என்று சொல்லும் விசாரணை. கிளீனப் கிராண்டுக்கு, விண்ணப்பக் கடைசித் தேதிக்குள் நிலம் விண்ணப்பிப்பவர் பெயரில் இருக்க வேண்டும். விலை கொடுத்து வாங்குவதாக இருந்தால் கிரயத்துக்கு முன்பே இந்த விசாரணை முறைப்படி முடிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மாசுக்கான பொறுப்பிலிருந்து விலக்கும் போச்சு, கிராண்ட் தகுதியும் போச்சு. அறிக்கைக்கு ஆயுள் ஒரு வருடம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதற்குள் ஐந்து சமாச்சாரங்களுக்கு 180 நாள்தான்: நேர்காணல்கள், சொத்தின் மேல் உள்ள சுத்திகரிப்பு லீன் (செலவு பாக்கிக்கான பிடிமானம்) தேடல், அரசுப் பதிவேடுகள், இடத்தை நேரில் பார்த்தது, நிபுணரின் உறுதிமொழி. அந்த 180 நாள் அட்டையில் அச்சிட்ட தேதியிலிருந்து ஓடாது. ஐந்தில் எது முதலில் நடந்ததோ அதிலிருந்து ஓடும்.

இங்கே நடந்தது இதுதான். கன்சல்டன்ட் ஃபவுண்டரியின் பழைய மேனேஜரிடம் பேசியது ஆரம்பத்திலேயே. விற்பவரின் வக்கீல் கிரயத்தைத் தள்ளிக்கொண்டே போனார். அட்டைத் தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தால் நிறைய நாள் இருந்தது. நேர்காணல் தேதியை வைத்துப் பார்த்தால் கெடு தாண்டிவிட்டிருந்தது. ஃபேஸ் ஒன்னுக்கான ஏஎஸ்டிஎம் இ1527-21 தரப்படி ஒவ்வொன்றின் தேதியையும் அறிக்கையில் தனித்தனியாகக் காட்ட வேண்டும். கன்சல்டன்ட் காட்டவில்லை, கேட்டபோதும் "வழக்கமாக யாரும் பார்ப்பதில்லை" என்றார். இபிஏவில் பார்ப்பார்கள். கிரயத்துக்கு முன்பே புதுப்பித்ததால் தப்பித்தோம். பதிந்த பிறகு புதுப்பித்தால் செல்லாது. ஃபேஸ் ஒன் ஒப்பந்தம் போடும்போதே "கிரயம் தள்ளிப்போனால் புதுப்பிக்க இவ்வளவு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். உள்ளாட்சி அமைப்பு வரி பாக்கிக்காகக் கையகப்படுத்திய நிலம் என்றால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. 2018 சட்டத் திருத்தம் அந்த வழியை இன்னும் தெளிவாக்கிவிட்டது. விலை பேசும் முன் நகராட்சி வக்கீலிடம் இதைக் கேளுங்கள்.

மண்ணையும் நீரையும் சாம்பிள் எடுத்துச் சோதிக்கும் ஃபேஸ் டூ அறிக்கை கையில் இல்லாமல் கிளீனப் கிராண்ட் பக்கமே போகாதீர்கள். அதற்குக் காசு இல்லையென்றால் இபிஏவே நேரடியாகச் செய்து தரும் டார்கெட்டட் பிரவுன்ஃபீல்ட்ஸ் அசெஸ்மென்ட் இருக்கிறது, இலவசம். விண்ணப்ப வரைவைப் படித்துக் குறை சொல்ல இபிஏ பணத்தில் ஆலோசனை தரும் டேப் (TAB) திட்டத்தில் ஆள் கிடைக்கும், அதுவும் இலவசம். காசு கொடுத்து எழுத வைத்தால் அந்தச் செலவை கிராண்டில் எழுத முடியாது. எழுதிக்கொடுத்த கம்பெனிக்கே போட்டி டெண்டர் இல்லாமல் வேலையைத் தூக்கிக் கொடுத்தால் அவர்கள் பில்லும் செல்லாது.

சாம் (SAM.gov) பதிவு, அதாவது மத்திய அரசுப் பணம் வாங்குவோருக்கான பதிவு, வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியது. பதிவில் நிர்வாகியாக இருந்த பெண்மணி ஓய்வுபெற்றுப் போயிருந்தார். ஆளை மாற்ற நோட்டரி கடிதம் வேண்டும். நகராட்சியின் சட்டப்பூர்வப் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கிராண்ட் அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் கோடையிலேயே உள்ளே நுழைந்து, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பம் போடும் தளமான கிராண்ட்ஸ் டாட் கவ்வில் சமர்ப்பிக்கும் உரிமை யாருக்கு என்பது தனி. அது வேறு ஆளாக இருந்தால் அவர் கடைசி வாரத்தில் லீவில் இருப்பார்.

அடுத்து பொது அறிவிப்பு. விண்ணப்பம் சமர்ப்பிக்கும் நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக வெளியாக வேண்டும். வரைவு விண்ணப்பமும் சுத்திகரிப்பு மாற்றுவழிகளின் வரைவு ஆய்வும், அதாவது ஏபிசிஏ, எங்கே பார்வைக்கு இருக்கிறது, கருத்து எப்படிச் சொல்வது, பொதுக்கூட்டம் எந்த நாள் எத்தனை மணிக்கு, எல்லாம் அதில் இருக்க வேண்டும். உள்ளூர் வாரப் பத்திரிகைக்கு முழு வாசகமும் போனது. விளம்பரப் பிரிவில் இருந்தவர் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஏபிசிஏ பற்றிய வரியை வெட்டிவிட்டார். புரூஃப் அனுப்பும் வழக்கமே இல்லையாம்! நகராட்சி இணையதளத்தில் முழு அறிவிப்பையும் அதே நாளில் போட்டிருந்ததால் நாள் கணக்கு காப்பாற்றப்பட்டது. பத்திரிகையை மட்டும் நம்பாதீர்கள். தேதி தெரியும் ஸ்கிரீன்ஷாட், கூட்டத்தின் வருகைக் கையெழுத்துத் தாள், கேட்ட கேள்விகள், சொன்ன பதில்கள் எல்லாவற்றையும் இணைக்க வேண்டும். யாருமே கருத்துச் சொல்லவில்லை என்றால் அதையும் எழுத்தில் காட்டுங்கள்.

ஃபவுண்டரி என்றால் எங்காவது ஒரு டீசல் டாங்க் புதைந்திருக்கும். பெட்ரோலிய மாசுக்குத் தகுதி உண்டா என்று மாநில அலுவலகம் தீர்மானித்துக் கடிதம் தர வேண்டும். நம்ம ஊர் "அது என் சீட் இல்லை" இங்கேயும் உண்டு: டாங்க் பிரிவு பிரவுன்ஃபீல்டு பிரிவைக் காட்டியது, அவர்கள் இவர்களைக் காட்டினார்கள். கடிதத்தின் வாசகத்தை நாங்களே எழுதி, இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்பிய பிறகுதான் கையெழுத்து வந்தது.

பணம் ஒதுக்கிய பிறகு எல்லாம் சுலபம் என்று நினைக்க வேண்டாம். தர உறுதித் திட்டம், அந்த க்யூஏபிபி, ஒப்புதலாகாமல் எடுத்த சாம்பிளுக்குப் பணம் இல்லை. ஏபிசிஏவை மறுபடி 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். கட்டடத்தை இடிக்கும் செலவு, கீழே உள்ள மாசை எடுக்க அது அவசியம் என்று காட்டினால்தான் ஏற்கப்படும். கட்டடம் பழையது என்றால் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தின் பதில் வராமல் ஒரு செங்கலைத் தொடக்கூடாது. ஒப்பந்தக்காரர் மத்திய அரசின் டேவிஸ்-பேகன் சட்டக் கூலிப் பட்டியல்படி கொடுத்து, வாராவாரம் சம்பளப் பட்டியல் தர வேண்டும். டெண்டரிலேயே கூலிப் பட்டியலைச் சேர்க்காவிட்டால் பின்னால் தகராறுதான்.

பட்ஜெட்டை உண்மையில் உடைப்பது மண்ணை எங்கே கொட்டுவது என்பது. ஈயம் கலந்த ஃபவுண்டரி மணலுக்கு டிசிஎல்பி சோதனையில் (கழிவிலிருந்து நச்சு எவ்வளவு கசியும் என்று பார்ப்பது) லிட்டருக்கு 5 மில்லிகிராம் வந்தாலே அது அபாயக் கழிவு; கொட்டும் இடமும் டன் விலையும் வேறு. மண்ணின் மொத்த ஈயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் அந்த வரம்பைத் தொட வழியில்லை, ஏனென்றால் சோதனையில் மண்ணைப்போல் இருபது மடங்கு திரவம் சேர்க்கிறார்கள். அதற்கு மேல் உள்ள ஒவ்வொரு மூலையையும் டெண்டருக்கு முன்பே சோதித்துவிடுங்கள். சாதாரண மண்ணுக்கு ஒரு டன் விலை, அபாயக் கழிவுக்கு ஒரு டன் விலை என்று டெண்டரில் இரண்டு வரியும் கேளுங்கள். ஒரு வரி மட்டும் இருந்தால், பாதியில் அபாயக் கழிவு கிளம்பும்போது ஒப்பந்தக்காரர் சொல்வதுதான் விலை.

2021 உள்கட்டமைப்புச் சட்டப் பணத்தில் வந்த கிராண்டுக்கு வழக்கமான 20 சதவீதச் சொந்தப் பங்கு கேட்கவில்லை. இனி வரும் அறிவிப்புகளில் அந்தப் பத்தியை முதலில் படியுங்கள். நிர்வாகச் செலவுக்கு உச்சவரம்பு 5 சதவீதம்.

பலர் மறப்பது பழைய இன்ஷூரன்ஸ். 1986 வாக்கில்தான் பொதுப் பொறுப்பு பாலிசிகளில் மாசை முழுவதுமாக விலக்கும் வாசகம் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய பாலிசி இன்றைய சுத்திகரிப்புக்கும் பணம் தரக்கூடும், மாநிலச் சட்டத்தைப் பொறுத்து. மூல பாலிசி வேண்டும் என்பதில்லை. பிரீமியம் கட்டிய லெட்ஜர், ஆடிட் தாள், பாலிசி எண் போட்ட பழைய சான்றிதழ் போதுமான ஆதாரம் ஆகலாம். எங்களுக்கு ஒரு கணக்குப் புத்தகத்தில் எண் கிடைத்தது. "பதிவே இல்லை" என்று எழுதிய கம்பெனி, அந்தப் பக்கத்தின் நகலைப் பார்த்ததும் "தேடிப் பார்க்கிறோம்" என்று எழுதியிருக்கிறது.